செல்லக்கிளியின் உடம்பு தானே துரத்திய கிருமி

தன் தங்கை செல்லக்கிளி எதை எதையெல்லாம் ஜெயித்தாள் என்று தனம் சொல்ல ஆரம்பித்துவிட்டால், மந்தாரக்குப்பத்தில் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். நடுவில் எழுந்து போக முடியாது.

குறைமாதத்தில் பிறந்து, "இது ஐப்பசி மழையைத் தாண்டாது" என்று பார்த்தவர்கள் எல்லாரும் கைவிட்ட உடம்பு. அந்த மழையை ஜெயித்தாள். முந்திரித் தோப்பில் விறகு பொறுக்கும்போது காலில் கொத்திய கட்டுவிரியனை ஜெயித்தாள். கம்மாபுரம் பக்கத்தில் அப்பா கூலிவேலை செய்த வயல்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, நிலம் வைத்திருந்தவர்களுக்காவது நஷ்டஈடு என்று கேட்க ஒரு வார்த்தை இருந்தது. நிலமே இல்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை. அந்த வீட்டிலிருந்து போய், ஒப்பந்தக்காரர் வாசலில் தினமும் நின்று, அவர் தன் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல்படும் அளவுக்கு நின்று, சுரங்க வேலைக்குள் போக கேட் பாஸ் வாங்கினாள். முப்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டு சுரங்க டவுன்ஷிப்பின் நேர்கோட்டு ரோடுகளில் பறந்தாள். மே தினத்தன்று கயிறு இழுக்கும் போட்டியில், கான்ட்ராக்ட் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பெர்மனென்ட் ஆட்களின் வீட்டுப் பெண்கள் அணியை மண்ணில் உட்கார வைத்தாள். சின்ன வயதில் பிடித்த புகையிலைப் பழக்கத்தை ஜெயித்தாள். கடைசியாக, மருந்தும் இல்லாத, கத்தியும் படாத ஒரு கிருமியை ஜெயித்தாள்.

"கடைசியா சொன்னது இன்னா கிருமிங்க?" என்று யாராவது கேட்பார்கள். தனம் தையல் மிஷினை நிறுத்திவிடுவாள். அந்தக் கதையை ஓடுகிற மிஷினோடு சொல்ல அவளுக்குப் பிடிக்காது. ஒரு வார்த்தை இடம் மாறினாலும் கேட்பவர்கள் தப்பாகக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது அவள் பயம்.

தனம் எட்டாவது வரை படித்தவள். ஒரு ரவிக்கைக்கு இரண்டு முறை அளவெடுப்பாள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மூன்றாவது முறையும் எடுப்பாள். "நாலு நாள்ல தருவேன்" என்றால் நாலாம் நாள் பொத்தான் முதற்கொண்டு தைத்து மடித்து வைத்திருப்பாள். செல்லக்கிளி அவளுக்கு ஆறு வயது இளையவள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருடத்தில்தான் வயல்வேலை போய், குடும்பம் இடம் பெயர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அக்கா நிதானம் என்றால் தங்கை அவசரம். அக்கா யோசித்துச் சொல்வதற்குள் தங்கை செய்து முடித்திருப்பாள்.

செல்லக்கிளிக்கு லிக்னைட் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கும் இடம் அது. அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. யாரும் தீ வைக்க வேண்டாம்; வெயிலும் காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் சூடேறி, தானாகவே புகைய ஆரம்பிக்கும். புகைகிற இடத்தை உடனே மண்வெட்டியால் தோண்டி வெளியே இழுத்து, தரையில் பரப்பி, தண்ணீர் அடித்து அவித்துவிட வேண்டும். தோண்டுவது செல்லக்கிளியும் அவள் கூட்டாளிப் பெண்களும். தண்ணீர் அடிப்பது டேங்கர் லாரி. அந்த டேங்கரை ஓட்டுகிறவர்தான் அவள் வீட்டுக்காரர் கண்ணையன். முன்பு வெளிமாநிலத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், மகள் தமிழ்நிலா பிறந்த பிறகு ஊரோடு வந்துவிட்டார்.

2014ஆம் வருடம் ஆடி மாதம். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்து, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கும் முகாம்.

"நல்லாகிற ஒடம்ப கொண்டுபோயி காட்டி இன்னாக்கா வாங்கப் போறோம்?" என்றாள் செல்லக்கிளி.

"எவர்சில்வர் டப்பா குடுக்கறாங்களாம்டி."

"மூடி இருக்குமா?"

"இருக்குமாம்."

"அப்ப வரேன்."

டப்பா கிடைத்தது. மூடியும் இருந்தது. சில வாரங்கள் கழித்து இரண்டு பேருக்கும் முடிவு வந்தது. தனத்துக்கு ஒன்றும் இல்லை. செல்லக்கிளிக்கு எச்.பி.வி. என்ற கிருமி இருக்கிறது, மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. காட்டினார்கள். உள்ளே வினிகர் மாதிரி ஏதோ தடவிப் பார்த்துவிட்டு, "மாற்றம் எதுவும் இல்லம்மா. இப்ப வைத்தியம் தேவையில்ல. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி டெஸ்டுக்கு வந்துடுங்க" என்றார் டாக்டர். வெளியே பெண்கள் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் செல்லக்கிளி கேட்டாள்: "கிருமி இருக்குதுன்னும் சொல்றாங்க, வைத்தியம் வேணாம்னும் சொல்றாங்க. இது இன்னாக்கா கணக்கு?"

தனத்துக்கும் அந்தக் கணக்கு புரியவில்லை.

யார்டில் பேச்சு காற்றை விட வேகமாகப் போகும். கூட வேலை செய்யும் சாமியம்மாள் பக்கத்து வீடும்கூட. கெட்ட மனசுக்காரி இல்லை; ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். "ஆம்பள பொம்பள சேர்றதுல வர்ற நோயாமேடி அது?" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். பிறகு செல்லக்கிளியைத் தனியாக இழுத்துப்போய், "எனக்குப் பெரும்பாடு வந்து ரத்தமா கொட்டுனப்ப கர்ப்பப்பையை எடுத்துப் போட்டேன். நிம்மதியா கீறேன். நீயும் எடுத்துப் போடு. இருந்தாதானே தொல்ல?" என்றாள்.

குழாயடிப் பேச்சு கண்ணையன் காதுக்கும் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் செல்லக்கிளிக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட ஊரைக் கூட்டுகிற மனுஷன், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செல்லக்கிளி முடிவெடுத்துவிட்டாள். வடலூர் போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சாமியம்மாள்தான் அழைத்துப் போனாள். "குழந்தை போதும்னு ஆயிடுச்சில்ல? பின்ன எதுக்குப் பயந்துகிட்டு வச்சிருக்கணும்? எடுத்துட்டா கவலை விட்டது" என்று அங்கே சொன்னார்கள். நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

தனத்துக்கு விஷயம் தெரிந்தது அதற்குப் பிறகுதான். கையில் இருந்த கத்தரிக்கோலை அப்படியே துணி மேல் வைத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே அன்புக்கரசி என்ற செவிலியர். முகாமில் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர். தனத்தின் கடையில் ரவிக்கை தைத்துக்கொள்பவரும்கூட.

"இந்தக் கிருமிக்கு மருந்து இருக்குதா இல்லையாம்மா? மொதல்ல அத சொல்லுங்க" என்றாள் தனம்.

"கிருமிக்குன்னு மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாதுக்கா. உடம்புதான் அதுக்கு மருந்து. வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல, ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல உடம்பே அதைத் துரத்திடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"உடம்பே துரத்திடும்." தனம் அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். "சரி. துரத்தாத பேருக்கு?"

"அவங்களைத்தான் நாங்க தேடுறோம். அது போகாம வருஷக்கணக்கா தங்கிடுச்சுன்னா கர்ப்பப்பை வாய்ல தோல் மாற ஆரம்பிக்கும். அதுவும் உடனே புற்றுநோய் ஆயிடாது. பத்து வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். நடுவுல பாத்துட்டா அந்த எடத்த மட்டும் குளிர வச்சுச் சரி பண்ணிடலாம். கர்ப்பப்பைய எடுக்கற பேச்சே இல்ல."

"தோல் மாறிடுச்சான்னு எப்டி தெரியும்?"

"அதுக்குத்தான் வினிகர் மாதிரி தடவிப் பாத்தோம். மாறியிருந்தா வெள்ளையா திட்டு தெரியும். உங்க தங்கச்சிக்கு ஒரு பொட்டுகூட இல்ல."

"அப்ப கிருமி இருக்குது, அதால கெடுதி இன்னும் ஆவல. சரிதானே?"

"ரொம்பச் சரி. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேக்குறீங்களே அக்கா!"

"அளவு தப்பா எடுத்தா துணி வீணாப்பூடும்மா. இது துணியில்ல, என் தங்கச்சி." தனம் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொன்னு. இது யாருகிட்டருந்து வந்துதுன்னு…"

அன்புக்கரசி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கல்யாணம் ஆன யாருக்கும் வரலாம்க்கா. சளி காய்ச்சல் மாதிரி அவ்வளவு சாதாரணம். ஆம்பளைங்க உடம்புலயும் இருக்கும். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பல வருஷம் சத்தமில்லாம தூங்கிட்டுக் கிடந்துட்டு இப்ப டெஸ்டுல தெரியலாம். எப்ப வந்துது, யாரால வந்துதுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. அதை வச்சு யாரையும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எச்.ஐ.வி.யோட இதைக் குழப்பிக்கவும் கூடாது. அது வேற, இது வேற."

புறப்படும்போது, "உங்க தங்கச்சி புகையிலை போடுவாங்கல்ல? விடச் சொல்லுங்க. புகை பிடிக்கிறவங்களுக்குக் கிருமி சீக்கிரம் போறதில்லன்னு பாத்திருக்காங்க. மெல்லுறதும் உடம்புக்கு நல்லது செய்யாது" என்றார்.

தனம் அத்தனையையும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே தங்கை வீட்டுக்குப் போனாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். செல்லக்கிளி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"சொல்லி முடிச்சிட்டியாக்கா?"

"முடிச்சிட்டேன்."

"கரி அம்பாரம் பொகையுது, ஒரு வருசம் கம்முனு பாத்துகினு இருன்னு சொன்னா எந்த சூப்பர்வைசராவது ஒத்துக்குவானா? பொகையுற எடத்த ஒடனே தோண்டி வெளிய இழுக்கணும். இத்தினி வருசமா நான் செஞ்சிகினு கீறது அதான். எரியறத உள்ள வச்சிகினு தூங்க என்னால ஆவாது."

"கிருமியும் கரியும் ஒன்னாடி?"

"உள்ளுக்குள்ள இருந்து கெடுக்கறது எல்லாம் ஒன்னுதான்." அரிசிக் கழுநீரைக் கொட்டிவிட்டுச் சொன்னாள்: "அத எடுத்துட்டா அந்தப் பேச்சும் போயிடுங்க்கா. குழாயடிப் பேச்சு. அவரு வாசல்ல குந்திகினு கீறது. எல்லாம்."

நர்ஸ் சொன்னது சரி என்று தனத்துக்குத் தெரிந்தது. தங்கை சொல்வதும் தப்பு மாதிரி கேட்கவில்லை. நெருப்பைப் பார்த்தவள் அவள். தான் ஊசியையும் நூலையும் பார்த்தவள். ஆனால் தேவையில்லாமல் வயிற்றைக் கிழிக்கப் போகிறாளே, மாதக்கணக்கில் குனிந்து மண்வெட்டி பிடிக்க முடியாதே, கேட் பாஸும் போய்விடுமே என்று பதறினாள். அன்புக்கரசியிடம் அழைத்துப் போகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சியும் அவள் வரவில்லை.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளன்று மூன்று பேரும்தான் போனார்கள். செல்லக்கிளி முன்னால், கண்ணையன் அவளுக்குப் பின்னால், மாற்றுப் புடவைகளும் பிளாஸ்க்கும் வைத்த பையோடு தனம் கடைசியாக. ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் ஊழியர் காகிதமும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். கண்ணையன் கையெழுத்துப் போட்டார். செல்லக்கிளியின் இடது கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தினார் ஊழியர். அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ கூப்பிட, "இதோ வந்துடறேன், விரலை எங்கயும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மை பூசிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். தனத்துக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. ஏதாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டாள்; வேறு நினைப்பு எதுவும் அவளுக்கு இல்லை.

"ஏண்டி, மார்கழில நான் ஒனக்குச் சோறு கொண்டாந்து குடுக்கறப்ப பாத்திருக்கேன். காலைல ஒங்க யார்டு பூரா பொகையா கெடக்குதே. அத்தினியையும் நீங்களா தோண்டுவீங்க?"

செல்லக்கிளி சிரித்துவிட்டாள். "ஐயோ, அது பொகை இல்லக்கா, ஆவி. புதுக் கரில ஈரம் இருக்குதுல்ல? குளுருக்கு அது ஆவியா வரும். புதுசா வந்த புள்ளைங்கதான் பொகைன்னு கத்திகினு ஓடியாரும்."

"ரெண்டும் ஒன்னு போலத்தானே தெரியுது. நீ எப்டி கண்டுபுடிப்ப?"

"ஆவின்னா வாசன இருக்காது. கைய காட்டுனா ஈரம் ஒட்டும். பொகைன்னா மூக்குல ஏறும், கண்ணு எரியும்."

"தெரியாத்தனமா ஆவி வர்ற எடத்த தோண்டிட்டா?"

பதில் சொன்னது கண்ணையன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்ததே அப்போதுதான். "தோண்டக் கூடாதுங்க அண்ணி. தோண்டுனா உள்ள காத்து பூந்துக்கும். நல்லாகிற அம்பாரமே பத்திக்கும். ஒரு தடவ ஒருத்தி அப்டி கிண்டிவுட்டு, நான் நாலு டேங்கர் தண்ணி அடிச்சேன்."

"அப்ப இன்னா செய்வீங்க?"

"மேல அழுத்திக் கெட்டிச்சு வுட்டுட்டு, தெனமும் வந்து பாப்போம்" என்ற செல்லக்கிளி, சொல்லிக்கொண்டே வந்தவள், நிறுத்தினாள். தன் கறுத்த விரலைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா. அந்த நர்ஸம்மா இன்னா சொன்னாங்க? வெள்ளத் திட்டு?"

"இருந்தா மாற்றம்னு அர்த்தம். ஒனக்கு ஒரு பொட்டுகூட இல்ல."

"தடவி நல்லா பாத்துட்டுதான் சொன்னாங்களா?"

"பாத்துட்டுதான்டி சொன்னாங்க."

"அப்ப அவங்க ஆவியா பொகையான்னு பாத்துட்டாங்க." செல்லக்கிளி மெதுவாகச் சொன்னாள். "பாத்துட்டுதான் அப்பறம் வான்னு சொல்லிகிறாங்க. சும்மா தொரத்தி வுடல."

ஊழியர் திரும்பி வந்து காகிதத்தை நீட்டினார். "வைங்க."

"இதுல இன்னா எழுதியிருக்குது?"

"ஆபரேஷனுக்குச் சம்மதம்னு. வைங்கம்மா, தியேட்டர் ரெடியா இருக்கு."

"ரெடியா இருந்தா நீ போயி படுத்துக்க கண்ணு" என்று எழுந்தாள் செல்லக்கிளி. மை விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அந்தக் கறை பிறகு எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தனம் பிளாஸ்க்கைத் திறந்து, ஆபரேஷன் முடிந்து கொடுக்க வைத்திருந்த காபியை மூன்றாகப் பிரித்தாள். கண்ணையனிடம் டம்ளரை நீட்டும்போது அந்தப் பேச்சையும் எடுத்தாள்.

"தம்பி, இது எப்ப வந்துது, யாரால வந்துதுன்னு எந்த டெஸ்டும் சொல்லாதாம். எந்தக் காலத்துலயோ வந்து தூங்கிகினு கெடந்திருக்கும்னு நர்ஸம்மா சொல்றாங்க. ஆம்பளைங்க ஒடம்புலயும் இருக்குமாம், தெரியாதாம். எம் தங்கச்சிய நீங்க சந்தேகப்பட்டா…"

"அண்ணி, நான் அவள சந்தேகப்படலைங்க."

"படலன்னா ஏன் மொகத்த அம்மாவாச மாதிரி வச்சிகினு வாசல்ல குந்திகினு இருந்தீங்க?"

கண்ணையன் காபியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே நின்றார். "லாரி ஓட்டுன காலம் ஒன்னு இருந்துச்சிங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செல்லக்கிளி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே, "காபி ஆறுது, குடி" என்றாள். அந்தப் பேச்சை அன்றோடு மூன்று பேரும் மடித்து வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது ஒரு வருடக் காத்திருப்பு. கட்டுவிரியனும் ஒப்பந்தக்காரரும் இவ்வளவு பாடுபடுத்தியதில்லை. எதிரே ஓர் ஆள் நின்றால் செல்லக்கிளி ஒரு கை பார்த்துவிடுவாள். சும்மா இருந்து ஜெயிப்பது அவளுக்குப் பழக்கமில்லை. அன்புக்கரசியிடம் நேரிலேயே போய்க் கேட்டாள்.

"ஒடம்பே பாத்துக்கும்னா எனக்கு இன்னாதான் வேல?"

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. ஷிப்ட் முடிஞ்சா தூங்குங்க. புகையிலையை விடுங்க. வருஷம் முடிஞ்சதும் மறக்காம வாங்க. அதான் உங்க வேலை."

"கண்டிப்பா போயிடுமா?"

"கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். போகலன்னா மறுபடி பாப்போம். மாற்றம் இருந்தா சரி பண்ணுவோம். எப்படி ஆனாலும் நாம முந்திக்கிட்டோம்."

'கண்டிப்பா' என்று பொய் சொல்லாததால்தான் செல்லக்கிளிக்கு அந்தப் பெண்ணை நம்பத் தோன்றியது.

புகையிலையை விட்டது ஒரு பெரிய சண்டை. முதல் சில வாரம் அவளிடம் யாரும் பேச முடியாது. வாய் சும்மா இருக்கக் கூடாது என்று பொட்டுக்கடலையை மடியில் கட்டிக்கொண்டு போனாள். "கரி யார்டுல ஒரு ஆடு மேயுதுடி" என்று சாமியம்மாள் கிண்டல் செய்தாள். "ஆடுதான். முட்டுனா தாங்கமாட்ட" என்று இவள் ஒரு பிடி கடலையை அவள் கையில் வைத்தாள். கண்ணையனும் பீடிக் கட்டை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தார். தொலைத்தாரா, விட்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. அடிவயிற்றில் லேசாக வலித்தால் போதும், அக்கா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். தனம் தைத்து முடித்த துணியைக் கொடுத்து நூல் பிசிறு வெட்டச் சொல்வாள். அது வலியல்ல, பயம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்னொரு வேலையும் செல்லக்கிளி தனக்குத்தானே வைத்துக்கொண்டாள். "இன்னாதுன்னு தெரியாத காகிதத்துல இனிமே வெரல் வைக்க மாட்டேங்க்கா" என்று ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "அன்னிக்கி நீ வாயத் தொறக்கலன்னா வச்சிருப்பேன்."

எழுத்து சொல்லிக்கொடுத்தது ஒன்பதாவது படிக்கும் தமிழ்நிலா. தனம் பழைய துணியில் சுண்ணக்கட்டியால் பெரிது பெரிதாக எழுதிக் கொடுப்பாள். செல்லக்கிளி அதன் மேலேயே திரும்பத் திரும்ப வரைவாள். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. பேனாவையும் மண்வெட்டி மாதிரியே இறுக்கிப் பிடித்தாள். முனை உடைந்த பேனாக்களைத் தமிழ்நிலா ஒரு டம்ளரில் போட்டு வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

"ஏம்மா, இவ்ளோ அழுத்துனா அடுத்த பக்கத்துலயும் பேரு தெரியுதே."

"நல்லதுதானேடி. ரெண்டு தடவ எழுதத் தேவையில்ல."

முதலில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்புறம் பஸ் போர்டு. அப்புறம் யார்டு வாசலில் பல வருடமாக மாட்டியிருந்த பலகையை ஒருநாள் நின்று படித்துப் பார்த்துவிட்டு, "இதுல 'செருப்பு போடாமல் உள்ளே வராதே'ன்னு எழுதியிருக்குதுடி! நான் ஏதோ சாமி பேருன்னு நெனச்சிகினு கும்புட்டுகினு போயிகினு கீறேன்" என்று கூட்டாளிகளிடம் சொல்லி, தானே விழுந்து விழுந்து சிரித்தாள்.

வருடம் சுற்றி வந்தது. பரிசோதனை நாளன்று சாமியம்மாளும் கூடவே வந்தாள். கர்ப்பப்பையை எடுத்திருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் காட்ட வந்ததாகச் சொன்னாள். அந்தச் சோதனையின் முடிவு பல வாரம் கழித்துத்தான் வந்தது. அன்புக்கரசி தனத்தின் கடைக்கே வந்து சொன்னார்: செல்லக்கிளியின் உடம்பில் அந்தக் கிருமி தென்படவில்லை.

"தென்படலன்னா?" என்றாள் தனம், மிஷினை நிறுத்தி.

"உடம்பு அதை அடக்கிடுச்சு, டெஸ்டுல பிடிபடற அளவுக்கு இல்ல. சில வருஷம் கழிச்சு மறுபடி பாத்துக்கணும்."

"தென்படல. மறுபடி பாத்துக்கணும்." தனம் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

ஆனால் தனம் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த நாளில் கொண்டுபோய் முடிப்பதில்லை. அன்றைக்குத் தங்கையின் உடம்பு ஜெயித்தது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். தங்கை ஜெயித்தது அதற்கு முன்பே, முடிவு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாதிருந்த அந்தப் பரிசோதனை நாளில். சுகாதார நிலையத்தில் ஒரு புது நர்ஸ் பெண், சம்மதக் காகிதத்தை மேஜையில் வைத்து, செல்லக்கிளியின் கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியையும் பக்கத்தில் நகர்த்தினாள். செல்லக்கிளி காகிதத்தை எடுத்து, உதடு அசைய, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தாள். பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை. புரியாத ஒரு வார்த்தைக்கு நர்ஸிடம் அர்த்தம் கேட்டாள். முழுவதும் படித்து முடித்ததும், "இது பாக்கறதுக்குத்தான், எடுக்கறதுக்கு இல்ல. சரி, பேனா குடும்மா" என்றாள்.

நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பேனா மேஜையைத் துளைத்துவிடும் போல அழுத்தி, கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறி, கீழே கொஞ்சம் இறங்கி, தன் பெயரை முழுசாக எழுதினாள். பக்கத்தில் தேதி போட ஓர் இடம் இருந்தது. அதையும் அவளேதான் போட்டாள்.

19.8.2015, புதன்கிழமை.